முசே விட்டுக்கொடுத்த மலை

எந்தப் பேச்சை எடுத்தாலும் அதைச் சற்று நேரத்துக்குள் தன் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விடும் ஆற்றல் இந்த உலகத்திலேயே ஒருவருக்குத்தான் இருந்தது. எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணில் அவரோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர் அவருடைய ஊரே இல்லை.

அவர் காரைக்கால்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்து, பிரான்சில் சில வருடம் பள்ளிக்கூட வேலை பார்த்துவிட்டு, மெல்பேர்ணுக்குப் பிரெஞ்சு படிப்பிக்க வந்தவர். அவருடைய ஊர்ப்பக்கம் பெரிய மனிதர்களை 'முசே' என்று அழைப்பார்களாம். அதையே நாங்கள் அவருக்குப் பெயராக வைத்துவிட்டோம். நாங்கள் என்றால் நானும் சிவராசாவும். இருவரும் யாழ்ப்பாணம். சிவராசா எஞ்சினியர். நான் ஓர் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த டாக்டர்.

முசே பிரான்சில் வேலை பார்த்த இடம் மோன்பெரல் என்ற மலைச்சரிவுக் கிராமம். "இண்டைக்கு நல்ல குளிர்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். "இதெல்லாம் ஒரு குளிரா? மோன்பெரல்ல..." என்று தொடங்கிவிடுவார். நாங்கள் கதிரையை விட்டு எழும்பும்போது வெளியே குளிர் போய் வெயில் வந்திருக்கும்.

வாய்ப்பேச்சோடு நின்றாலும் பரவாயில்லை. ஒருநாள் சிவராசா குசினியில் சாப்பிட உட்கார்ந்தபோது, முசே அவனுடைய தட்டில் கிடந்த சோற்றைக் கரண்டியால் குவித்து மலை கட்டினார். உச்சியில் அவித்த முட்டையை வைத்தார். அது மாதா கோயில். சரிவில் கத்தரிக்காய்த் துண்டுகள், அவை வீடுகள். அடிவாரத்தில் பருப்பு ஆறாக ஓடியது.

"முசே, அது என்ர கோப்பை!"

"இருப்பா. இந்த வீட்டுக் கூரையும் அந்த வீட்டு வாசப்படியும் ஒரே மட்டம், பாத்தியா? தெருவுல போற ஆடு அப்படியே கூரைமேல ஏறி நிக்கும். ஆத்து வழியா கொள்ளைக்காரங்க வருவாங்கன்னு பயந்துதான் அந்தக் காலத்துல மேல ஏறிக் கட்டினாங்க."

"பசிக்குது முசே."

"அவங்களுக்கும் பசிச்சுது. திராட்சைக் கொடியெல்லாம் பூச்சி தின்னு தீர்த்த வருஷம் ஊரே பட்டினி."

அந்த ஊரின் சரித்திரம் முழுவதும் எங்களுக்கு மனப்பாடம். பிரபுவின் கோட்டை இடிந்ததும் ஆளாளுக்குக் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் வீடு கட்டியது. ஊற்று ஒன்றே ஒன்று என்பதால், மேல்தெருப் பெண்கள் துணி துவைத்த சோப்புத் தண்ணீர் கீழ்தெருவுக்கு வந்து, இரண்டு தெருக்களும் தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருந்தது. முசே காய்ச்சலில் படுத்தபோது இரண்டு தெருக்களும் போட்டிபோட்டு சூப் அனுப்பினவாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் தாழும்.

சிவராசா அட்லஸ் வாங்கித் தேடினான். மோன்பெரல் இல்லை.

"அட்லஸ் போட்டவன் ஆத்தங்கரையோட திரும்பிப் போயிருப்பான்" என்றார் முசே. "மேல ஏறணும்ல?"

அந்த நாட்களில் என் வார்டுக்கு ஒரு மூதாட்டி வந்தார். முதல் உலகப்போர் முடிந்ததும் ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவரைக் கட்டிக்கொண்டு பிரான்சிலிருந்து வந்தவர். பக்கவாதம் வந்ததில் இத்தனை வருடம் பேசிய இங்கிலிஷ் முழுக்க அழிந்து, பிரெஞ்சு மட்டும் மிஞ்சியிருந்தது. பெற்ற மகனுக்கே அது புரியவில்லை. பேசிப் பார்த்துச் சலித்துப்போய், கிழவி வாயை மூடிக்கொண்டார். சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான். நாளுக்கு நாள் உருகிக்கொண்டிருந்தார்.

நான் முசேயைக் கூட்டிக்கொண்டு போனேன். டை கட்டி வந்தவர், கட்டிலருகே குனிந்து வணக்கம் சொன்னார். கிழவி கண்ணைத் திறந்தார். முசே வழக்கம்போல மோன்பெரலுக்குப் போய்ச் சேர்ந்தார். திடீரென்று கிழவி தலையணையில் நிமிர்ந்து உரத்துப் பேசத் தொடங்கினார்.

"என்ன சொல்லுறா, முசே?"

"இவங்களும் மலையூருதானாம். இவங்க ஊரு மலைதான் மலையாம், எங்களுது மேடாம்! கோயில் வாசல்ல நின்னா கீழ பறக்கிற பருந்தோட முதுகு தெரியுமாம். பொய்யைப் பாருங்க!"

சண்டை சூடு பிடித்தது. முசே மறுப்புச் சொல்லும் நேரத்தில் நர்ஸ் கரண்டியை நீட்ட, கிழவி அடுத்த வசைக்கு அவசரப்பட்டு அப்படியே விழுங்கினார். கிண்ணம் காலியானது. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கோபக்காரரை நாளைக்கும் கூட்டிவரச் சொன்னார்.

பள்ளிக்கூடம் விட்டதும் முசே தினமும் வந்தார். கிழவியின் கன்னத்தில் சதை பிடித்தது. ஆனால் ஒருநாள் முசே வென்றுவிட்டார். தன் ஊரை எந்தப் பகைவனும் பிடித்ததில்லை என்று கிழவி பெருமையடிக்க, "கோட்டையே இல்லாத ஊரைப் பிடிக்க எவன் மெனக்கெடுவான்?" என்று கேட்டிருக்கிறார். கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை.

நான் சொன்னதைக் கேட்டு முசே வெளிறிப்போனார். அன்று மாலை கட்டிலருகே உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி, மிக மெதுவாக நெடுநேரம் பேசினார். கிழவி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார். முசேயின் கையைத் தட்டிக்கொடுத்து ஏதோ சொன்னார். பிறகு சூப் கேட்டார்.

திரும்பும்போது ட்ராமில் முசே பேசவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"என்ன முசே சொன்னனீங்கள் அவவுக்கு?"

"அவங்க மலைதான் ஒசரம்னு சொன்னேன். ஒரு தடவை அந்தப் பக்கம் போனப்ப பருந்து முதுகை நானே பாத்தேன்னேன்."

"அவ என்ன சொன்னவ?"

"உன் ஊரும் மோசமில்ல, வருத்தப்படாதேன்னாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க பொறந்த ஊருப்பா அது. நான் சம்பளத்துக்குப் போனவன்தானே."

கடவுளே வந்து கேட்டாலும் மோன்பெரலில் ஒரு கல்லை விட்டுத்தராத மனிதர், மலையையே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

நான் இன்றுவரை பிரான்சுக்குப் போனதில்லை. ஆனால் அங்கே அழகான ஊர் எது என்று யாராவது கேட்டால், பாரிஸ் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.