அறியாமல் அகப்படுவோருக்கான படிவம்

அடையாள அட்டைப் படத்தில் இரண்டு காதும் தெரியவேண்டும், பல் தெரியக்கூடாது. திருகோணமலையில் இந்த ஒழுங்குவிதியைத் தினுஷாவைப் போல விசுவாசமாகக் காத்தவர் ஒருவரும் இல்லை. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஸ்டூடியோவில் ஏழு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. "நாடியைக் கொஞ்சம் இறக்குங்கோ, சிரிக்கவேண்டாம்" என்று சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப்பேரைச் சிரிக்காமல் பண்ணிவிட்டாள்.

அந்தப் பாவத்தைக் கழுவவோ என்னவோ, இருட்டுப்பட்டதும் கமெராவின் தலையில் பிளாஷை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவாள். மீன்பெட்டியில் சாய்ந்து கொட்டாவி விடுகிறவர், ஓட்டோக் கண்ணாடியில் தலை சீவுகிறவர், வீட்டுக்குப் போனில் பொய் சொல்லிக்கொண்டே ஐஸ்கிறீம் நக்குகிறவர். இருட்டுக்குள் பளீரென்று ஒரு வெளிச்சம். எடுத்த கையோடு போய்ப் படத்தைக் காட்டுவாள். அழிக்கச் சொன்னால் அழிப்பாள். பெரும்பாலும் ஒருவரும் சொல்வதில்லை. தங்கள் முகம் இவ்வளவு உயிரோடு இருக்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

ஒருநாள் ஏழரை மணிபோல, அபூதாஹிரின் கொத்துரொட்டிக் கடை வாசலில் ஒரு பெரிய மனிதர் பார்சலை அவிழ்த்து நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும் புள்ளிமான்களில் ஒன்று வந்து கடதாசியின் மறு ஓரத்தைக் கடித்து இழுத்தது. அவர் விடவில்லை. மானும் விடவில்லை. தினுஷா பளீரென்று அடித்தாள். படத்தைக் காட்டப் போவதற்குள் மனிதர் ஓட்டோவில் ஏறி மறைந்துவிட்டார். அழிக்கச் சொல்ல ஆளில்லாததால் அவள் அதை முகநூலில் போட்டாள். விடிவதற்குள் நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

நாலாம் நாள் கரையோர ஒளி ஒழுங்கமைப்புச் சபையிலிருந்து கடிதம் வந்தது. கமெராவோடும் பிளாஷோடும் ஓர்ஸ் ஹில் அலுவலகத்துக்குச் சமுகமளிக்கும்படி அவள் இத்தால் பணிக்கப்பட்டிருந்தாள்.

விசாரணை அறைக்குள் பணிப்பாளர் சிறில் வந்து அமர்ந்ததும் தினுஷாவுக்கு ஆளை விளங்கிவிட்டது.

"சேர், அந்தப் படத்தில நிற்கிறது நீங்கள்தானே?"

எழுதுவினைஞர் ஹஸ்மி அவசரமாகக் கோப்பைப் புரட்டினார். "அப்பிடிச் சொல்ல ஏலாது, மிஸ். அண்டைக்குப் பணிப்பாளர் கொழும்பில கருத்தரங்கில நிண்டவர். இஞ்ச கையொப்பம் இருக்கு."

"எதைப்பற்றிக் கருத்தரங்கு?"

"உத்தியோகத்தர்கள் கடமை இடத்தில நிற்கிறதைப் பற்றி."

சிறில் படத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறையும் போட்டுக்கொண்டு ஒருமுறையும் பார்த்தார். "ஆரோ பாவம், பசியில நிற்கிறான்" என்றார்.

"அப்ப முறைப்பாடு ஆருடையது, சேர்?"

"மானுடையது" என்றார் ஹஸ்மி. "சபை அதின்ர சார்பாகப் பாரமெடுத்திருக்கு."

சிறில் தொண்டையைச் செருமினார். "மானை விடுவம். இது துறைமுகப் பட்டினம், பிள்ளை. இருட்டில நீங்கள் இப்பிடி வெளிச்சம் அடிச்சால், ஒரு கப்பல் அதை வெளிச்சவீடு எண்டு நினைச்சு அபூதாஹிரின்ர கடைக்குள்ள வந்தால் ஆர் பொறுப்பு?"

"கடை சின்னன், சேர். கப்பல் கொள்ளாது."

"அதைத்தான் நானும் சொல்லுறன். ஆபத்து எவ்வளவு பெரிசு எண்டு பாருங்கோ."

பிளாஷ் பறிமுதல் செய்யப்பட்டது. திரும்பப் பெறுவதற்குச் சபை ஒரு படிவத்தை ஆக்கியது: அறியாமல் படம் எடுக்கப்படவிருப்பவர், தாம் எடுக்கப்படும் இடம், நேரம், முகபாவம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதினான்கு நாட்களுக்கு முன்னர் மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்கவேண்டும்.

"சேர், முன்னமே தெரிஞ்சால் அது அறியாமல் எடுத்த படமில்லையே?"

"அதுக்குத்தான் பதினாலு நாள் தந்திருக்கு" என்றார் சிறில் பொறுமையாக. "அதுக்குள்ள மறந்துபோவினம்."

பிளாஷ் பறிபோனதை அவள் முகநூலில் போட, பலர் சபையைக் கிழித்து எழுதினார்கள். பிளாஷ் இல்லாமல் மூன்று இரவு நடந்து பார்த்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்ததெல்லாம் புகை மாதிரி வந்தது. வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் குந்தி, அவற்றை ஒவ்வொன்றாய் அழித்தாள். தாய் இன்பமலர், "அரசாங்கம் படிவம் தந்தால் நிரப்பிக் குடுக்கிறதுதானே, அதில என்ன மானம் போகுது?" என்றாள்.

முதல் படிவத்தை அபூதாஹிர் நிரப்பினார். முகபாவம் என்ற இடத்தில் நெடுநேரம் யோசித்து, 'களைப்பு' என்று எழுதினார். "வாற மாதம் நாலாந் திகதி ஏழரைக்கு நான் களைச்சிருக்கோணும். சரி மகள், எழுதி வைக்கிறன்."

சபை ஏற்றுக்கொண்டது. பிளாஷ் வந்தது. நாலாந் திகதி அவள் போனபோது அபூதாஹிர் முகம் வழித்து, புதுச் சாரம் கட்டி, கொத்துத் தகட்டைத் தொடாமல் நின்றார்.

"அபூதாஹிர் காக்கா, இஞ்ச பார்க்காதேங்கோ."

"நான் எங்க பார்த்தனான்? நீங்க வாறதை ஆறு மணியிலிருந்து பார்க்காமத்தான் நிற்கிறன்."

படம் சபை முத்திரையோடு வெளிவந்தது. அதோடு ஊர் குழம்பியது. அபூதாஹிருக்கு முத்திரை குத்திய முகம் இருக்கும்போது எங்களுக்கு ஏன் இல்லை என்று எல்லாரும் கேட்கத் தொடங்கினார்கள். ஓர்ஸ் ஹில் ஏற்றம் முழுக்க வரிசை. அழகு நிலையங்கள் அறியா முக அலங்காரம் என்று பலகை போட்டன. அது சாதாரண அலங்காரத்தைவிட இரண்டு மணித்தியாலம் கூட எடுக்கும். சிலர் அறியாமல் அகப்படுவதற்கு அரசியல்வாதியிடம் சிபாரிசுக் கடிதமும் கொண்டுவந்தார்கள்.

முகபாவத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே விருப்பம்: கடலைப் பார்த்து யோசித்தல்.

ஒரு வெள்ளி மாலை, கடலோர வீதியில் நாற்பத்துமூன்று பேர் வரிசையாக நின்று, ஒருவரை ஒருவர் கவனிக்காமல், கடலைப் பார்த்து யோசித்தார்கள். பொலிஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன போராட்டம்?"

"போராட்டமில்லை, சேர். நாங்கள் தற்செயலா நிற்கிறம்."

அவர் நம்பவில்லை. அனுமதிப் பத்திரங்களைப் பார்த்த பிறகு நம்பினார். தனக்கும் ஒரு படிவம் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார்.

தினுஷா நாற்பத்துமூன்று தடவை பளீரென்று அடித்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது நாற்பத்துமூன்றும் ஒரே படம். இதற்கு அடையாள அட்டை எவ்வளவோ மேல், அங்கே காதாவது தெரியும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. சபை தனக்குத் தந்த அனுமதிப் பத்திரத்தைப் பணிப்பாளரின் மேசையில் வைத்துவிட்டு, மனத்தில் இருப்பதை எல்லாம் சொல்லிவிட்டு வருவது என்று தீர்மானித்தாள். சொல்லவேண்டியதை வழிநெடுகப் பாடமாக்கினாள்.

சிறில் அவளை எழுந்து நின்று வரவேற்றார். "நானே ஆள் அனுப்ப இருந்தனான், பிள்ளை. விண்ணப்பம் குவிஞ்சுபோச்சு. சபை ஒரு பதவி உருவாக்கியிருக்கு. அறியாநிலைப் படப்பிடிப்பு உத்தியோகத்தர், தரம் மூன்று. நிரந்தர நியமனம்."

தினுஷா வாய் திறந்தாள். பாடமாக்கியது முழுவதும் தொண்டைக்குழி வரை வந்தது.

"ஓய்வூதியம் இருக்கோ, சேர்?" என்று கேட்டாள்.

"ஓம். சம்பளத்தில விதவைகள், அநாதைகள் நிதிக்கும் வெட்டுவம்."

நியமனக் கடிதத்தை இன்பமலர் மாதா படத்துக்கு முன்னால் வைத்து மெழுகுதிரி கொளுத்தினாள். தினுஷா செய்தியை முகநூலில் போட்டுவிட்டு, போனைத் தொடப் பயந்து, தலையணைக்கடியில் வைத்தாள். பிளாஷ் பறிபோன நாளில் சபையைக் கிழித்து எழுதிய அத்தனை பேரும் இனி அவளைக் கிழிப்பார்கள். விலைபோய்விட்டாள் என்பார்கள். அதில் பிழையும் இல்லை.

பத்து மணிக்கு மனம் கேளாமல் எடுத்துப் பார்த்தாள். இருநூற்றுப் பதினொரு செய்திகள். ஒருவரும் திட்டவில்லை. எல்லாரும் வாழ்த்தியிருந்தார்கள். வாழ்த்துக்குக் கீழே மச்சாளுக்கு, மருமகனுக்கு, டிகிரி முடித்து மூன்று வருஷமாக வீட்டில் நிற்கும் தங்கச்சிக்குச் சபையில் இன்னும் வெற்றிடம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். அதிகாரம் நாசமாய்ப் போகட்டும் என்று அன்றைக்கு ஆக நீளமாக எழுதியவர் இன்றைக்கு எழுதியதுதான் ஆகச் சுருக்கம். மகனின் சான்றிதழ்களைப் படம் பிடித்து இணைத்திருந்தார்.

தினுஷா அதை ஒன்றுக்கு இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, 'அத்தாட்சிப்படுத்திய பிரதிகள் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும்' என்று பதில் போட்டுவிட்டு நிம்மதியாக நித்திரையானாள்.