ஒரே பவரா, ரெண்டு பவரா

பாட்டே போடவில்லை, அதற்குள் ஸ்பீக்கர் 'கிர்ர்' என்றது. ரேடியோ மெக்கானிக் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வைக்கிற அந்த ப்ரீஆம்ப் பெட்டி, இரண்டு பேர் சேர்ந்து செய்தது. பாட்டு போகும் பாதி மெக்கானிக்குடையது. வால்யூமை எண்ணாகக் காட்டுகிற டிஜிட்டல் பாதி, சிநேகிதர் கணக்கு வாத்தியாருடையது. இரண்டுக்கும் ஒரே பவர் போதும் என்று வாத்தியார் ஒற்றைக் காலில் நின்றார். தனித்தனியாகக் கொடுக்காவிட்டால் உன் எண்களின் இரைச்சல் என் பாட்டில் கலக்கும் என்றார் மெக்கானிக். பேச்சு முற்றியது.

"இனிமே என் கடை வாசப்படியை மிதிக்காதே" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

வாத்தியார் ரோஷக்காரர். மிதிக்கவில்லை. போன மாதம் மாரடைப்பில் போயே சேர்ந்துவிட்டார்.

சமாதானமாக ஒரு வார்த்தை பேசாமல் விட்டோமே என்று மெக்கானிக்கின் மனசு அறுத்தது. பெட்டியையாவது முடிப்போம் என்று உட்கார்ந்தார். தான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்கும் அற்ப ஆசையும் கூடவே இருந்தது.

முதலில் டிஜிட்டல் பாதிக்குப் பவரைச் சீராக்கித் தர ஒரு தனி ரெகுலேட்டர் வைத்தார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மிச்சமிருந்த இரைச்சலுக்குள் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். போர்டில் கணக்கு எழுதும்முன் வாத்தியார் கனைக்கிற அதே கனைப்பு. மெக்கானிக் சுற்றிலும் பார்த்தார். பட்டப்பகல். கடையில் ஈ காக்கை இல்லை.

கெப்பாசிட்டர் பண்ணுகிற வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டிஜிட்டலுக்குத் தனி டிரான்ஸ்பார்மரே போட்டார். இரைச்சல் வடிந்தது. குரல் தெளிந்தது.

"ஸ்டெப் எங்கடா?"

"என்ன ஸ்டெப்?" என்று கேட்ட பிறகுதான், ஸ்பீக்கருக்குப் பதில் சொல்கிறோம் என்று உறைத்தது.

"வெறும் விடைக்கு மார்க் கிடையாது. ஒரே பவர் போதும்னு சொன்னேன்ல."

முப்பதில் இருந்த வால்யூம் தானாக இறங்கி முட்டையில் வந்து நின்றது. குரல் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

பயம் ஒரு பக்கம், செத்த பிறகும் விதண்டாவாதம் பண்ணுகிறானே என்ற எரிச்சல் ஒரு பக்கம். இரண்டு பாதியின் எர்த்தையும் சேர்த்திருந்த பச்சை ஒயரை வெடுக்கென்று பிடுங்கினார்.

நிசப்தம். ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். பொட்டுச் சத்தமில்லை. வாதத்தில் ஜெயித்தாயிற்று.

"நான் சொன்னது சரிதானே?" என்றார். பதில் சொல்ல ஆளில்லை.

இரண்டாவது தடவையும் அவனை நாமே விரட்டிவிட்டோமே என்று அழுகை வந்தது. எந்த முகத்தோடு மறுபடி ஒயரை மாட்டுவது என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது வாத்தியாரின் மனைவி மூச்சிரைக்கக் கடைக்குள் நுழைந்தாள். மெக்கானிக் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை, சால்டரிங் புகை என்றார். அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவேயில்லை. ஒயரைத்தான் பார்த்தாள்.

"ரெண்டு பவரே இருக்கட்டுமாம், ஒத்துக்கிட்டார். அந்த ஒயரை மட்டும் மாட்டிடுங்கண்ணா, என் மிக்ஸிக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு சமைக்க விடமாட்டேங்கிறார்."