எங்கள் தெருவைக் கண்டுபிடித்த துரை

சென்னை மேனாம்பேட்டில் எங்கள் தெருவைக் கண்டுபிடித்தவர் துரைதான். அதற்கு முன்பே நாங்கள் மூன்று தலைமுறையாக அங்கே குடியிருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐ.டி. வேலைக்காகக் கோவைப் பக்கமிருந்து வந்து எதிர் மாடியில் குடியேறினார். முப்பது வயதுகூட இருக்காது. லண்டனில் அச்சான தடித்தடிப் பொருளாதாரப் புத்தகங்களைப் படித்துவிட்டு, பால்கனியில் நின்று எங்களை ஆராய்வார். ஆட்டோக்கார மணி அண்ணன் நண்பகலில் வண்டியிலேயே தூங்குவதைப் பார்த்து, இங்கே உழைக்கும் பழக்கமே இன்னும் வரவில்லை என்றார். மணி அண்ணன் விடியற்காலை மூன்று மணிக்கே காய்கறி சவாரிக்குப் போனவர். கீரைக்காரம்மா கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்ததற்கு, துரை அரை மணி நேரம் சந்தை விதிகளை விளக்கினார். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாவம் என்று இன்னொரு கொத்து கொடுத்தார். அவருக்குத் துரை என்று பெயர் வைத்ததும் அந்தம்மாதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எம்.ஏ. பொருளாதாரம். துரை பேசுவது தெருவிலேயே எனக்கு மட்டும்தான் புரிகிறது என்ற கர்வத்தில் நன்றாகத் தலையாட்டுவேன்.

மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் லாரி வரும். வரிசையில் ஆள் நிற்க வேண்டாம். தன் இடத்தில் செங்கல்லோ அறுந்த செருப்போ வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். லாரி வரும்போது, கல் வைத்தவர் வீட்டுக் குடத்தையும் வரிசையில் பக்கத்தில் இருப்பவர் பிடித்து வைப்பார்.

ஒரு சனிக்கிழமை துரை அந்த வரிசையைக் காட்டி, "இதெல்லாம் யாரோடது? பேர் இல்லை, வேலி இல்லை. அப்ப காலி இடம்தானே?" என்று என்னைக் கேட்டார். பழக்கதோஷத்தில் தலையாட்டினேன். அவர் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, தன் எட்டுக் குடங்களை முதலில் வைத்தார்.

லாரி வந்தது. துரையின் எட்டுக் குடமும் நிரம்பின. எது யாருடைய இடம் என்று தெரியாமல் தெருவே முட்டி மோதியது. தண்ணீர் தீர்ந்த பிறகு மணி அண்ணனின் ஆட்டோ வந்து நின்றது. அவர் மனைவி செல்வியக்கா, பிரசவமான மகளையும் பச்சைக் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்தார். வீட்டில் டிரம் காய்ந்து கிடந்தது; காலையில் வரிசையில் வைத்துவிட்டுப் போன செங்கல் குப்பைத் தொட்டியில் கிடந்தது.

"அது கல்லு இல்ல சார்," என்றார் செல்வியக்கா மெதுவாக. "நான் நின்னுகினு இருந்தேன் அங்க."

"யாரும் சொல்லலையே..." என்றார் துரை.

"நீ யாரையாச்சும் கேட்டியா?" என்றார் மணி அண்ணன்.

கேட்டார். என்னைத்தான் கேட்டார். வேலியும் பத்திரமும் இல்லாத மேய்ச்சல் நிலத்தை வெள்ளைக்கார அதிகாரிகள் தரிசு என்று எழுதியதையும், பகலில் படுத்தவனைச் சோம்பேறி என்று எழுதியதையும் பரீட்சையில் நாலு பக்கம் எழுதி, வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியவள் நான்.

"என்னைத்தான் கேட்டாரு அக்கா. நான்தான் தலையாட்டினேன்."

செல்வியக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ படிச்ச பொண்ணாச்சேம்மா."

துரை தன் முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு மணி அண்ணன் வீட்டு மாடிப்படியில் ஏறினார். நான் இரண்டாவதைத் தூக்கினேன். அவருக்குக் குடம் தூக்கிப் பழக்கமில்லை; தண்ணீர் படியெல்லாம் சிந்தியது.

"மெள்ள சார்," என்றார் செல்வியக்கா. "கொயந்தையத்தான் குளிப்பாட்டணும், படிக்கட்ட இல்ல."

எட்டுக் குடமும் மேலே போயின. குளிப்பாட்டிய குழந்தையைச் செல்வியக்கா அவர் கையில் கொடுத்தார். வேர்த்து விறுவிறுத்து, அசையாமல், எதையும் விளக்காமல் நின்றார் துரை.

அதன் பிறகு வரிசையில் அவர் செங்கலும் ஒன்றானது; அவர் குடத்தையும் பக்கத்தில் இருப்பவர் பிடித்து வைத்தார். அடுத்த வருடம் பெங்களூருக்கு மாற்றலானார். வழியனுப்பத் தெருவே திரண்டு போனது. நான் மட்டும் போகவில்லை; எனக்கு அழுகை வந்துவிடும்.