ஐந்தாவது அல்பத்தோடு காலமான பாடகர்

அரசாங்க சேவையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். நான் எழுதிய அறிக்கை எதுவும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. (தாமதமென்று வந்திருக்கிறது. அது வேறு பிரிவு.) பிழையென்று வந்தது ஒன்றே ஒன்று, அது அரசாங்கத்துக்கு எழுதியதல்ல. அதில் நான் உயிரோடிருந்த ஒரு மனிதரைச் சாகடித்திருந்தேன். அதனால் என் கலியாணப் பேச்சு ஒரு பின்னேரம் முழுவதும் நூலில் தொங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கம், யுத்தகாலம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். நான் கச்சேரியில் கிளாக்கர். (பாட்டுக் கச்சேரி அல்ல, கோப்பும் முத்திரையும் உள்ள அரசாங்கக் கச்சேரி.) கொழும்புக்குப் போன நண்பன் ஒருவன் ஒரு சப்பாத்துப் பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். திறந்தால் ஒன்பது கசெற். இங்கிலாந்தின் பழம்பெரும் ஹெவி மெட்டல் பாட்டுக் குழு ஒன்றின் ஒன்பது பாட்டுத் தொகுப்புகள், அவர்கள் பாஷையில் அல்பங்கள், வெளிவந்த வரிசையில். கசெற்றின் மேல் எண்ணைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை. குழுவின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவர்கள் இன்னும் பாடுகிறார்கள். வழக்குப் போட வசதியுள்ளவர்கள்.

அந்த நாளில் கசெற் கேட்பதற்கு ஒரு நடைமுறை இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்த வேண்டும். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சில்லோடு உரசுகிற டைனமோவிலிருந்து ஒரு வயர் கசெற் போடுகிற செற்றுக்குப் போகும். கை ஓய்ந்தால் பாட்டும் ஓயும். ஊர் முழுக்க இப்படித்தான் செய்தி கேட்டது. என்னுடையது பழைய செற். உள்ளே ஏதோ ஒரு பாகம் செத்துப்போய்விட்டதென்று திருத்துகிறவர் சொல்லியிருந்தார். பாட்டு வந்ததால் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

முதல் அல்பத்தைக் கேட்டதும் எனக்குப் பைத்தியம் பிடித்தது. மற்றவர்களுக்குப் பிடித்தால் பாடுவார்கள், ஆடுவார்கள். எனக்குப் பிடித்தால் அறிக்கை எழுதுவேன். அந்தக் குழுவின் அல்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி தயாரிக்கத் தொடங்கினேன். காலாவதியான விண்ணப்பப் படிவங்களின் பின்பக்கத்தில், கார்பன் வைத்து மூன்று பிரதி. (அந்தப் படிவங்கள் அழிக்கப்பட வேண்டியவை. அழிப்புக் குழு கூடவில்லை. நான் அரசாங்கத்துக்கு உதவினேன்.)

சுற்றிக்கொண்டே குறிப்பெடுக்க முடியாது. ஆகவே சுற்றும் பொறுப்பை அந்தோனி அண்ணையிடம் கொடுத்தேன். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த மீனவர். இரவெல்லாம் கடலில் நின்றுவிட்டு, மத்தியானச் சோறும் சாப்பிட்டுவிட்டு, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவார்.

"தம்பி, உது பாட்டோ, இல்லை வள்ளம் பாறையிலை ஏறுற சத்தமோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"இதுதான் அண்ணை இசை."

"அப்ப சரி. எனக்கு நல்லா நித்திரை வருது."

ஐந்து அல்பம் முடிந்தபோது அவர் கொழும்புத்துறையில் சகோதரி வீட்டோடு போய்விட்டார். மிச்சம் நான்குக்கும் அம்மா சுற்றினார். அடுப்பில் கறியை வைத்துவிட்டு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுவார்.

வழிகாட்டியின் நான்காம் பந்தி இது: "முதல் ஐந்து அல்பங்களும் கனமானவை. மேளம் பிரேத ஊர்வலத்தின் நடையில் செல்கிறது. பாடகரின் குரல் கிணற்றின் அடியிலிருந்து எழுகிறது."

ஆறாம் பந்தி: "ஆறாவது அல்பத்தில் குழு முற்றாக மாறிவிட்டது. பாடுபவர் வேறொருவர், கீச்சுக் குரல், கடைசி பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர்போல் பாடுகிறார். முன்னைய பாடகர் ஐந்தாவது அல்பத்தோடு காலமாகிவிட்டார் எனக் கொள்ள வேண்டியுள்ளது. அன்னாரின் ஆத்மா சாந்தியடைவதாக."

அந்தப் பந்தியைத் தட்டச்சு செய்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

இந்தச் சமயத்தில்தான் வதனியின் சம்பந்தம் வந்தது. நீர்வேலிப் பெண், பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறவர். நான் அவரை முன்பே ஒருமுறை கண்டிருக்கிறேன். கச்சேரிக்கு ஒரு சான்றிதழ் எடுக்க வந்தவர், அதைத் திருப்பி என் மேசையில் வைத்து, "முத்திரையைத் தலைகீழாய்க் குத்தியிருக்கிறியள்" என்றார். என்னைத் திருத்த ஒருவர் பிறந்திருக்கிறார் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முதல் ஏழு சம்பந்தம் சரிவராமல் போயிருந்தது. எட்டாவதாக இவர்தான் என்றதும் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வதனிக்குத் தகப்பன் இல்லை. முடிவெடுப்பவர் தமையன் சிவபாலன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து வாழைத்தோட்டம் செய்கிறவர். "அவருக்கும் உந்த இங்கிலீசுப் பாட்டு விசர்தான்" என்று கலியாணத் தரகர் சொன்னார். என்னைப்போல் இன்னொரு பாட்டுப் பைத்தியம். எனக்கு அது போதும். சாதகக் குறிப்போடு சேர்த்து வழிகாட்டியின் முதலாம் பிரதியையும் கொடுத்தனுப்பினேன். சாதகம் பொருந்தியது. வழிகாட்டி பொருந்தவில்லை.

பெண் பார்க்கப் போனோம். அம்மா, தரகர், நான், என் மடியில் சான்றுப் பொருளாக அந்தச் சப்பாத்துப் பெட்டி. சிவபாலன் கையில் என் வழிகாட்டி. முகத்தில் சிரிப்பில்லை.

"தம்பி, உந்த ஒன்பதையும் நீங்கள் கேட்டனீங்களோ?"

"ஓம் அண்ணை. ஒவ்வொண்டும் மூண்டு தரம். திகதி, நேரம் எல்லாம் போட்டுக் கிடக்கு."

"ஆறாம் பந்தியை வாசியுங்கோ."

வாசித்தேன். அன்னாரின் ஆத்மா என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினேன்.

"அந்த மனுசன் சாகேல்லை" என்றார் சிவபாலன். "ஒன்பதிலையும் அவர்தான் பாடுறார். பேராதனையிலை நான் வருசக்கணக்காய்க் கேட்ட ஆள்."

"உங்களுக்குக் கிடைச்சது பிழையான பதிவாய் இருக்கும் அண்ணை." (இவ்விடத்தில் அம்மா என் காலை மிதித்தார்.)

சிவபாலன் எழுந்து போய், உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வந்து தன் செற்றில் கொடுத்தார். என் பெட்டியிலிருந்து ஐந்தாவது கசெற்றை எடுத்துப் போட்டார். என் பிரேத ஊர்வலம் ஓட்டப் பந்தயமாக ஓடியது. பிறகு ஆறாவதைப் போட்டார். கீச்சுக் குரலைக் காணவில்லை. அதே மனிதர், அதே தொண்டை, நல்ல தேக ஆரோக்கியத்தோடு.

 தரகர் வாசலைப் பார்த்தார்.

"கேளாத பாட்டைக் கேட்டனெண்டு திகதி போட்டு, கையெழுத்தும் வைக்கிற ஆள்" என்று சிவபாலன் அம்மாவைப் பார்த்துச் சொன்னார், "நாளைக்கு என்ரை தங்கச்சிக்கு என்ன பொய்தான் சொல்லமாட்டார்? குறை நினையாதேங்கோ அம்மா. இது சரிவராது."

அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டார். எட்டாவதும் போகிறது. 

அப்போது தேத்தண்ணித் தட்டோடு வதனி வந்தார். தட்டை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"செற்றுக்குக் கரண்ட் எப்பிடி எடுத்தனீங்கள்?" என்று என்னிடமே கேட்டார்.

"டைனமோவிலை."

"ஆர் சுத்தினது?"

"இணைப்பு இரண்டைப் பாருங்கோ" என்றேன். (எந்த நிலையிலும் இணைப்பைச் சுட்டாமல் என்னால் பதில் சொல்ல முடியாது.)

வதனி கடைசித் தாளைப் புரட்டி உரக்க வாசித்தார். "சுற்றுநர் கடமைப் பட்டியல். அல்பம் ஒன்று முதல் ஐந்து வரை: அந்தோனி அண்ணை. ஆறு முதல் ஒன்பது வரை: அம்மா." நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "மாமி, நீங்கள் கெதியாய்ச் சுத்தினனீங்களோ?"

அம்மா குற்றவாளிபோல் எழுந்தே நின்றுவிட்டார். "ஓம் பிள்ளை. அந்தச் சத்தம் கெதியாய் முடிஞ்சாப் போதுமெண்டு சுத்தினனான். கறியும் அடிப்பிடிச்சுப்போம்."

"அந்தோனி அண்ணை?"

"அவர் நித்திரையிலை சுத்துவார்" என்றேன்.

வதனி தமையனிடம் திரும்பினார். "மெதுவாய்ச் சுத்தினால் கசெற்றும் மெதுவாய் ஓடும், குரல் தடிக்கும். கெதியாய்ச் சுத்தினால் கீச்சிடும். இவர் எல்லாத்தையும் கேட்டுத்தான் இருக்கிறார் அண்ணை. செத்தது பாடகரில்லை, செற்."

சிவபாலன் அந்தத் தாளை வாங்கி வாசித்தார். மறுபடியும் வாசித்தார். தோள் குலுங்கத் தொடங்கியது.

"அப்ப ஆள் பொய்யனில்லை" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெறும் விசரன்."

"ஓம் தம்பி!" என்றார் அம்மா, இருந்த மூச்சையெல்லாம் விட்டு. "விசரன்தான்! பொய் மட்டும் சொல்லத் தெரியாது!"

ஓய்வு பெறும்வரை எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களில் அதற்கு மேலான ஒன்று இல்லை. வதனி தேத்தண்ணியை என்னிடம் நீட்டினார். அவரையே பார்த்தபடி வாங்கியதில் பாதி கோப்பையில் நிற்க, மீதி என் வெள்ளை வேட்டிக்குப் போனது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பசித்தது.

கலியாணத்துக்கு முதல் வாரமே திருத்தப் பத்திரம் வெளியிட்டேன்: "ஆறாம் பந்தி முழுவதும் நீக்கப்படுகிறது. பாடகர் உயிருடன் உள்ளார். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறேன்." அந்தோனி அண்ணை ஒரு பெரிய பாரை மீனோடு கலியாணத்துக்கு வந்து, "நான் நித்திரை கொண்டதாலைதானே இவ்வளவும்" என்று ஊரெல்லாம் பெருமை பேசினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைப் பற்றியும் அடித்துச் சொல்ல முடியாது. விலைவாசியோ, தேர்தலோ, வாயைத் திறந்தால் பிள்ளைகள் "ஆர் சுத்தினது?" என்பார்கள். மருமகனும் பழகிவிட்டார்.

போன மாதம் மகள் தொலைபேசியில் சொன்னாள், அந்தப் பாடகர் காலமாகிவிட்டதாகச் செய்தி வந்திருக்கிறதாம்.  பழைய கோப்பை எடுத்து, நீக்கிய ஆறாம் பந்தியை மீண்டும் சேர்ப்பதற்குரிய படிவத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். வதனி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தவில்லை.

"அவசரப்படாதேங்கோ. முதலிலை ஆர் சுத்தினதெண்டு விசாரியுங்கோ."

விசாரித்தேன். வதந்தி. மனிதர் நல்ல சுகம்.