புரோகிராம் விழுங்கிய மூன்றாம் திருவிழா

அன்புள்ள தம்பி ரிஷிகேசனுக்கு,

கண்டியிலிருந்து அக்கா எழுதுவது. நீ எழுதித் தந்த புரோகிராமைத் தவிர இங்கு எல்லோரும் சுகம். மெல்பேணில் நீயும் பிரியாந்தினியும் சுகமென்று நம்புகிறேன்.

ஒருவரின் பிழைக்காக எல்லோருடைய சரியையும் அழிப்பது நியாயமா, அந்த ஒருவரை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போவது நியாயமா? பேராதனையில் இத்தனை காலம் புள்ளிவிபரவியல் படிப்பித்தும் எனக்கு விடை தெரியவில்லை.

நடந்தது இதுதான். வருடாந்த உற்சவத்தில் எந்த நாள் திருவிழாவை எந்தக் குடும்பம் செய்வது என்று பதியும் வேலையைக் கோயில் சபை என் தலையில் கட்டியது உனக்குத் தெரியும். மூன்றாம் திருவிழா எப்போதும் பரமநாதன் மாமாவுடையது. திகதியைக் கேட்டால், "எங்கட நாள் ஊருக்கே தெரியும், பிள்ளை. வழமைபோல எண்டு போடும்" என்றார். போட்டேன். உன் திகதிப் பெட்டியும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. உன் கேர்சர் பட்டியலில் குடும்பம் குடும்பமாக எடுத்துப் பதிந்துகொண்டே போய், மாமாவிடம் வந்ததும் தடக்கி விழுந்தது. எல்லாம் பதிய வேண்டும், இல்லையேல் ஒன்றும் பதியக்கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் நீ அடைத்திருந்ததால், தரவுத்தளம் கலியாணவீட்டில் கோபித்த சம்பந்தியைப் போல, பின்னால் வந்த எவரையும் திரும்பிப் பாராமல், முன்னே பதிந்தவர்களையும் ரோல்பேக் செய்து அழித்துவிட்டது. உனக்குத் தொலைபேசி எடுத்தேன். "சின்ன விசயம் அக்கா. பிழை வந்தா பேசாமல் அடுத்த ஆளிட்டைப் போகச் சொல்லிவிடுறன்" என்றாய். போயிற்று. 'வெற்றி' என்று பச்சையில் காட்டியது. எல்லோருக்கும் செய்தி போனது, மாமாவுக்கு மட்டும் போகவில்லை. மூன்றாம் திருவிழா காலியென்று கண்டதும், ஒரு திருவிழா கிடைக்க நேர்த்தி வைத்துக் காத்திருந்த லீலாதேவி அக்கா அதைத் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டு, "என்ர நேர்த்தி பலிச்சிட்டுது, தங்கச்சி" என்று அழுதார். இனி அவரிடமிருந்து பறிப்பது எப்படி? நாளை சபைக் கூட்டம். மாமா கோபித்தால் கோயில் வாசலை மிதிக்க மாட்டார்.

ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்னால் ஒரு சேவ்பொயின்ட் வை. தடக்கினால் அந்த இடம்வரை மட்டும் பின்வாங்கட்டும். தடக்கியவரின் பெயரை எனக்குச் சொல்லட்டும். நான் பார்த்த பிறகே முடிவாகப் பதியட்டும். பிழையை விழுங்கிவிட்டுப் பச்சையில் சிரிக்கும் பழக்கம் அதற்கு யாரிடமிருந்து வந்ததென்று பிரியாந்தினியைக் கேள்.

அவளுக்கு என் அன்பு. உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் பொறுப்பும் கிடைக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அக்கா மதனி

பி.கு.: இதை அனுப்புமுன் கூட்டமும் முடிந்துவிட்டது. இன்று காலை மாமா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "நல்லதாப் போச்சு, பிள்ளை. முழங்கால் ஏலாது, இனி முன்னுக்கு நிண்டு செய்யேலாது. நானா விட்டுக்குடுத்தா மரியாதையில்லை. கூட்டத்திலை கொஞ்சம் சத்தம் போடுவன், நீர் மனசிலை வைச்சுக்கொள்ளாதையும்" என்றார். அப்படியே போட்டார். கம்பியூட்டரையும் என் பட்டத்தையும் உன்னையும் ஒன்றுவிடாமல் திட்டித் தீர்த்து, "சரி, பாவம், லீலாதேவியே செய்யட்டும்" என்று பெருந்தன்மையோடு உட்கார்ந்தார். சபை கைதட்டியது. மேலே கேட்ட திருத்தம் எதையும் இப்போதைக்குச் செய்யாதே. உன்னைத் திட்டிய இடத்தில் நானும் தலையாட்டினேன்.