நாற்பத்து மூன்று பேருக்குப் போன ரவியோலி

சுல்மாவின் குரல் செய்தி அவள் தங்கை மிர்த்தாவுக்குப் போகவில்லை. கிளப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. நாற்பத்து மூன்று பேர்.

வில்மார் தெச்செராவுக்கு இது உடனே தெரிந்துவிட்டது. பக்கத்து மேசையில் சீட்டாடிக்கொண்டிருந்த நான்கு பேரின் போன்களும் ஒன்றாக மணியடித்தன. பிறகு நான்கிலிருந்தும் தோன்யா சுல்மாவின் குரல் முன்னும் பின்னுமாகக் கிளம்பியது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சீஸ் அடைச்ச ரவியோலி பண்றேன். நீ கண்டிப்பா வரணும். தனியா சாப்பிட்டு அலுத்துப்போச்சு. உன் நெனப்பாவே இருக்கு."

சீட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டன.

"விரல் வழுக்கிடுச்சு வாத்தியாரே," என்றாள் சுல்மா.

வில்மார் முப்பத்தொரு வருடம் தபால்காரராக இருந்தவர். ஒரு கடிதத்தைக்கூட விலாசம் மாற்றிக் கொடுத்ததில்லை. மனைவி இறந்தபின் சால்ட்டோ நகருக்குக் குடிவந்து, வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியாமல், பெரியவர்களுக்குப் போன் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தார். இந்த போச்சா பந்து விளையாட்டுக் கிளப்பின் கேண்டீனில் அவருக்கு ஒரு மேசை ஒதுக்கினார்கள். ஒரு மாதமாக அவரிடம் படிக்க வந்தது ஒரே ஒருத்திதான். அறுபத்தெட்டு வயதான, கணவனை இழந்த, அவர் மரியாதையாகத் 'தோன்யா' என்று அழைக்கும் சுல்மா. அவள் மானம் இப்போது அவர் பொறுப்பில் இருந்தது.

"கவலைப்படாதீங்க தோன்யா. அழிச்சுடலாம்."

போனை வாங்கி அழுத்தினார். செய்தி மறைந்தது. பக்கத்து மேசையில் அதே குரல் மறுபடி ரவியோலிக்கு அழைத்தது.

"எனக்கு மட்டும் அழின்னு இருந்ததை அழுத்திட்டீங்க போல," என்றாள் சுல்மா மெதுவாக. "இப்போ என்கிட்ட மட்டும்தான் இல்ல. ஊரே வெச்சிருக்கு."

வில்மாருக்குக் காது சூடேறியது. சரி, ஒரு விளக்கம் எழுதினால் போதும் என்று அவள் போனிலேயே தட்டினார்: 'அது ஒருவருக்கு மட்டும் சொன்னது. மற்றவர்கள் பொருட்படுத்த வேண்டாம்.'

பதில்கள் வந்து குவிந்தன.

'யார் அந்த ஒருவர்?' என்று கேட்டார் மருந்துக்கடை எர்மெஸ். 'நானாக இருந்தால் பரவாயில்லை, ஞாயிறு ஓய்வுதான்.'

"எர்மெஸா?" என்றாள் சுல்மா. "அவரு தட்டை நக்கிட்டு, குறையும் சொல்வாரு."

கேண்டீன் நடத்தும் கிராசியேலா, மாத்தே என்ற மூலிகைத் தேநீருக்கு வெந்நீர் கொண்டுவந்தவள், பிளாஸ்கை வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள்.

"என்ன வாத்தியாரே, வேர்க்குது உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல. சரியாயிடும்."

பழியைத் தானே ஏற்பதுதான் மரியாதை என்று வில்மாருக்குத் தோன்றியது. தன் சொந்தப் போனை எடுத்துக் குழுவில் எழுதினார்: 'அந்த அம்மாள் மேல் தவறில்லை. எல்லாவற்றுக்கும் நானே காரணம். தயவுசெய்து அவரைப் பற்றிப் பேச வேண்டாம். வில்மார்.'

குழுவில் இதயங்கள் வர ஆரம்பித்தன. சிவப்பு, மஞ்சள், துடிக்கிற இதயம் ஒன்று.

'அந்த ஒருவர் வாத்தியார்தானா? நல்ல மனுஷன். தைரியமாகச் சொல்லிவிட்டார்.'

"ஐயோ," என்றார் வில்மார்.

"என்ன எழுதினீங்க?" என்று எட்டிப் பார்த்துப் படித்தாள் சுல்மா. "அழகாத்தான் எழுதியிருக்கீங்க."

இனி எழுதிப் பயனில்லை, வாயால் சொல்லி முடித்துவிடலாம் என்று எர்மெஸை அழைக்கப் போனார். அவசரத்தில் அழுத்தியது எர்மெஸின் பெயரை அல்ல, குழுவின் பெயரை. அதுவும் வீடியோ. திரையில் ஒவ்வொன்றாகப் பதினேழு முகங்கள் திறந்தன. நடுவில், என்ன ஆயிற்று என்று பார்க்கத் தலையை ஒட்டி வைத்துக் குனிந்திருந்த வில்மாரும் சுல்மாவும்.

யாரோ கைதட்டினார்கள். பக்கத்து மேசையும் சேர்ந்துகொண்டது. சுல்மா நிதானமாக ஒரு விரலை நீட்டி அழைப்பைத் துண்டித்தாள்.

வில்மார் நாற்காலியில் சாய்ந்தார். "மன்னிச்சுக்குங்க தோன்யா. உதவி பண்றேன்னு வந்து உங்களைத் தெருவுக்கு இழுத்துட்டேன்."

"தெருவுக்கு வந்தது வந்தாச்சு," என்றாள் அவள், பையில் கண்ணாடியைப் போட்டபடி. "பதினேழு பேர் கைதட்டினப்புறம் ஞாயித்துக்கிழமை நீங்க வரலேன்னாதான் எனக்கு அசிங்கம். பன்னெண்டரைக்கு வாங்க. சாஸ்ல பூண்டு ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்," என்றார் வில்மார். நான்கு வருடமாக அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "நல்லாவே ஒத்துக்கும்."

அவள் போனதும் அவர் மேசையைத் துடைத்தார். தேவையில்லாமல் இரண்டாம் தடவையும் துடைத்தார். கிராசியேலா பிளாஸ்கை எடுக்க வந்தாள்.

"பாவம் அந்தம்மா," என்றார் அவளிடம். "எத்தனை சொன்னாலும் ஒரு பட்டன் சரியா அழுத்த வரல. இன்னும் ஆறு மாசமாவது கூடவே உக்காந்து சொல்லிக்கொடுக்கணும்."

"சுல்மாவுக்கா?" என்றாள் கிராசியேலா. "இந்தக் கிளப்புல எங்க நாப்பத்து மூணு பேருக்கும் போன் சொல்லிக்கொடுத்ததே அவங்கதானே வாத்தியாரே."