என் துப்பாக்கிக்குக் கட்டை தேடிய வருஷம்

இந்த வருஷம் சுடும் பரீட்சைக்குப் போவதே இல்லை என்று மார்ச் மாதம் ஒரு முடிவெடுத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் நானாக எடுத்த முடிவு அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் என் மனைவி ஹெல்கா எடுத்தாள்.

எங்கள் பக்கம் அக்டோபரில் மூஸ் மான் வேட்டை. குதிரையைவிட உயரமான மிருகம். துப்பாக்கியோடு அதன் எதிரே நிற்க வேண்டுமானால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பரீட்சையில் தேற வேண்டும். எழுபத்தைந்து மீட்டர் தள்ளி ஒரு பலகை மான் நிற்கும். அதன் நெஞ்சில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். நாலு குண்டு, நாலும் வட்டத்துக்குள் விழ வேண்டும். ஒன்று தப்பினாலும் வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு தோண்டலாம். என்னுடைய சீட்டு ஆகஸ்டோடு காலாவதி.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நான் சுடும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் பின்லாந்துக்கு வந்து போட்டுக்கொடுக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் துப்பாக்கி உதைத்ததில் மேலே குறிபார்க்கிற ஸ்கோப் பின்னால் வந்து புருவத்தைக் கிழித்தது. நாலு தையல். மரக்கிளை குத்திவிட்டது என்று சொன்னேன். அன்றிலிருந்து விரல் விசையைத் தொட்டதுமே இரண்டு இமையும் தானாகச் சாத்திக்கொள்கின்றன. அப்படியானால் போன பரீட்சையில் எப்படித் தேறினாய் என்பீர்கள். குருட்டு அதிர்ஷ்டம் என்கிறார்களே, அதற்கு நானே சாட்சி.

போன அக்டோபரில் அந்த அதிர்ஷ்டமும் கைவிட்டது. நாற்பதடி தூரத்தில் ஒரு மூஸ் வந்து நின்றது. நான் ஒரு பிர்ச் மரத்தைச் சுட்டேன். மூஸ் மரத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அவசரமே இல்லாமல் நடந்து போனது. எங்கள் வேட்டைக் குழுத் தலைவன் கௌக்கோ வந்து மரத்திலிருந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். பக்கத்துப் பண்ணைக்காரன். என்ன ஆச்சு என்று கேட்டான். துப்பாக்கிக் கட்டை சரியில்லை, கன்னம் உட்கார மாட்டேன் என்கிறது என்றேன். தோளில் முட்டுக்கொடுத்துக் கன்னத்தைப் பதித்துக் குறிபார்க்கிற பின்பகுதிக்குத்தான் கட்டை என்று பெயர். குழுவில் இருந்த பதினொரு பேரும் தலையாட்டினார்கள். ஆளைக் குறை சொன்னால்தான் ஆம்பிளைகள் சண்டைக்கு வருவார்கள். சாமானைக் குறை சொன்னால் உடனே நம்புவார்கள்.

நான் நிற்பது ஏழாம் நம்பர் இடம். சதுப்பு நிலத்து ஓரம், இரண்டு குளத்துக்கு நடுவே. மூஸ் எந்தப் பக்கம் ஓடினாலும் அங்கேதான் வந்து சேரும். என் மாமனார் நின்ற இடம். பெண்ணோடு சேர்த்து அதையும் எனக்குக் கொடுத்தார். நான் வேலை பார்த்த மரம் அறுக்கும் ஆலையை மூடிய பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. அக்டோபரில் மட்டும் போன் வரும், "ஏழுக்கு வந்துருப்பா" என்று. ஊர் பூராவும் பார்க்கப் பரீட்சையில் தோற்றால் அந்த போனும் நின்றுவிடும். அதை நினைத்தே பல நாள் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் திட்டம் போட்டேன். கட்டை இல்லாத துப்பாக்கியால் யாரும் சுட முடியாது. பழைய கட்டையைக் கழற்றிவிட்டேன். இனி புதுக் கட்டை தேர்ந்தெடுக்க வேண்டும். நிதானமாக, செப்டம்பர் கடைசி ஞாயிறு வரைக்கும். அதோடு பரீட்சைகள் முடிந்துவிடும். இந்த வருஷம் கட்டை ஆகவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கௌரவமாக ஒதுங்கிவிடலாம்.

சமையலறை மேஜையில் விலைப் பட்டியல்களைப் பரப்பிவைத்து உட்கார்ந்தேன். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. ஹெல்கா காபி கொண்டுவந்தாள்.

"என்ன பாக்குறீங்க?"

"கட்டை."

"அடுப்புக்கா?"

"துப்பாக்கிக்கு. பழைய கட்டையில கன்னம் உக்கார மாட்டேங்குது."

"யாரோட கன்னம்?"

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். சண்டை வரும், இரண்டு வாரம் அதிலேயே ஓடிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வால்நட் கட்டை அழகு, ஆனால் மழையில் ஊறி வளைந்துகொள்ளும் என்றாள். பிளாஸ்டிக் கட்டை குளிரில் கன்னத்தைக் கடிக்கும், கிளை உரசினால் காலி டப்பா மாதிரி சத்தம் போடும், மூஸ் ஓடிவிடும் என்றாள். பிர்ச் பட்டைகளை அடுக்கி ஒட்டிய கட்டைதான் சரி, கனம் கூட, ஆனால் நெளியாது என்றாள். மூன்று மாதம் யோசிக்க வேண்டிய விஷயத்தை ஒரு கோப்பைக் காபியில் முடித்துவிட்டாள்.

நான் விடவில்லை. கடையில் செய்து வருவது யாரோ ஒருவனின் உடம்புக்குச் செய்தது, அரைகுறையாகச் செதுக்கியதை வாங்கிக் கையாலேயே இழைத்தால்தான் உடம்போடு ஒட்டும் என்றேன். ஒரு கோடைகாலம் பூரா ஆகும் வேலை அது. ஹெல்கா "நல்ல யோசனைங்க" என்றாள். இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டதே இல்லை. அந்த நிமிஷமே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஹெல்கா படகுகளுக்கு உறை தைப்பவள். அளவெடுப்பது அவளுக்குத் தொழில். கட்டை வந்ததும் படகுக் கொட்டகையில் டேப்போடு வந்து நின்றாள். கட்டை நீளத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அதன் முனையை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரல் விசையைத் தொட வேண்டும். நான் வைத்தேன். கச்சிதமாகத் தொட்டது. எனக்குப் பக்கென்றது. இவ்வளவு சீக்கிரம் சரியாகிவிட்டால் என் திட்டம் என்ன ஆவது?

"சட்டையோட அளவு பாக்குறீங்களே. அக்டோபர்ல சட்டையோடவா நிப்பீங்க?" என்றாள்.

உண்மைதான். தடித்த கோட்டு போட்டால் கட்டை தோளில் சிக்கும், குட்டையாகத்தான் இருக்க வேண்டும். ரம்பத்தை எடுத்து அறுத்தேன். அப்புறம் கோட்டுக்குள் கம்பளிச் சட்டை இருக்குமே என்றாள். இன்னும் ஒரு விரல்கடை அறுத்தேன். ஜூலையில், வயசாக ஆக உடம்பு சுருங்கும் என்றாள். அதற்கும் கொஞ்சம் அறுத்தேன். எனக்கு உள்ளூரக் குஷி. ஒவ்வொரு அறுப்புக்கும் இழைக்க, தேய்க்க, எண்ணெய் பூச ஒரு வாரம் ஓடியது.

பிடிக்கிற இடத்தை இழைக்கும்போது, உங்களை நீங்களே எப்படிப் பார்ப்பீங்க, நான் பிடிச்சுக் காட்டுறேன், தள்ளி நின்னு பாருங்க என்றாள். அவள் பிடித்தாள். நான் ஒரு கண்ணை மூடி நிபுணன் மாதிரி பார்த்து, இங்கே தடிப்பு, அங்கே மேடு என்று அவள் விரலைச் சுற்றியே அரம் போட்டேன். கன்னம் பதிகிற மேட்டையும் அவள் முகத்தை வைத்துத்தான் உயர்த்தினேன். கடைசியில் அவள் தூக்கி வைத்தால் கட்டை அவள் தோளிலேயே முளைத்த மாதிரி இருந்தது. என் கைவேலையைப் பார்த்து நானே பெருமைப்பட்டேன்.

அந்தக் கோடையில் கவனிக்க வேண்டியவை வேறேயும் இருந்தன. வசந்தத்திலிருந்தே செவ்வாய்க்கிழமை சாயந்திரங்களில் சர்ச் பாட்டுக் குழுவுக்குப் போகிறேன் என்று கிளம்புவாள். திரும்பி வந்து ஒரு வரிகூட முணுமுணுக்க மாட்டாள். என் காதுக்கு இரக்கம் காட்டுகிறாள் என்று நினைத்தேன். ஜூனில் ஒருநாள் சௌனாவில், அதாவது வீட்டு நீராவிக் குளியலறையில், பார்த்தால் அவள் வலது தோள் கருநீலமாக வீங்கியிருந்தது. கேட்டதற்கு, கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். நான் இன்னும் கொஞ்சம் தண்ணீரைச் சூட்டுக்கல்லில் ஊற்றினேன். ஆறு வருஷமாக மரக்கிளை கதை சொல்லி வருகிறவன் கதவை எப்படிக் கேள்வி கேட்பது?

செப்டம்பர் நடுவில் கௌக்கோ காபிக்கு வந்தான். மழை விட்டபாடில்லை. இந்த வருஷம் நான் தேறாவிட்டால் ஏழாம் நம்பரை யாருக்குக் கொடுப்பாய் என்று மெதுவாகப் போட்டேன். அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஹெல்காவை ஒரு பார்வை பார்த்தான்.

"அது உங்க வீட்டு இடம்ப்பா. உங்க நிலத்துல இருக்குது. உங்க வீட்டு ஆள் யாராவது நின்னா வேற எவனும் அங்க வரமாட்டான்."

எனக்கு உயிரே வந்தது. இதைக் குழு முன்னாலும் சொல்ல வேண்டும் என்று அவனிடம் உறுதி வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரமே கூட்டத்தில் சொன்னான், குறிப்பிலும் எழுதினார்கள். என்னைப் போல ஒரு சாமர்த்தியசாலி இந்த ஜில்லாவில் கிடையாது என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

கடைசி ஞாயிறு வந்தது. கட்டைக்குப் பூசிய எண்ணெய் காயவில்லை என்று சோக முகம் தயார் செய்து வைத்திருந்தேன். ஹெல்கா தடவிப் பார்த்து, காஞ்சிருச்சு என்றாள். சுட வேண்டாம், கௌக்கோவிடம் வேலைப்பாட்டையாவது காட்டுங்க, நானும் பன் விற்கிற இடத்தில் ஒத்தாசை பண்ண வேண்டும் என்றாள். கட்டையைத் துப்பாக்கியில் பூட்டி எடுத்துப் போனோம். சுடும் களத்தில் தூறல். எல்லாரும் கட்டையைத் தடவிப் பார்த்து மெச்சினார்கள். ஆனால் உனக்குக் கொஞ்சம் குட்டையோ என்றான் ஒருத்தன். கோட்டு போட வேண்டுமே என்று விளக்கம் சொன்னேன்.

கௌக்கோ பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டான். என் குடும்பப் பெயர்தான், ஆனால் முன்னால் ஹெல்கா என்று இருந்தது.

அவள் பன் தட்டைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். அனுமதி வேண்டாமா என்று கேட்க வாயெடுத்தேன். கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். வேட்டைப் பரீட்சைச் சீட்டு, என் துப்பாக்கியையே அவளும் வைத்துக்கொள்ளலாம் என்று போலீஸ் கொடுத்த அட்டை, இரண்டும் இருந்தன. செவ்வாய்க்கிழமைப் பாட்டுக்குழு நூலகத்து வேட்டை வகுப்பில்தான் பாடியிருக்கிறது. வகுப்பு முடிந்த பிறகு கௌக்கோவின் களத்தில், அவனுடைய துப்பாக்கியில் பயிற்சி.

நாலு குண்டு. நாலும் வட்டத்துக்குள். நாலையும் ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம்.

"என் துப்பாக்கிக் கட்டை அவங்களுக்கு ரொம்ப நீளம்ப்பா. தோளே கன்னிப் போச்சு. நீதான் நல்லா அளவா பண்ணிக் குடுத்திருக்க" என்றான் கௌக்கோ. கேலியாகச் சொல்லவில்லை, மனசாரப் பாராட்டினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் வாங்கிய பன்னை யாருக்கும் தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், ஏழாம் நம்பருக்கு நீங்களும் வரணும், அந்த இடம் உங்களுக்குத்தான் தெரியும் என்றாள். அவமானமாக இருந்தது. ஆனால் அந்த இடத்தை விட்டுவிடவும் மனசு வரவில்லை. ஒரே ஒரு ஆறுதல், பரீட்சைக்கு நிற்காததால் என் ரகசியம் பத்திரமாக இருந்தது. கட்டை திருட்டுப் போனாலும் மானம் போகவில்லை.

வேட்டை தொடங்கிய சனிக்கிழமை விடியும்போதே அடைமழை. இரண்டு குளத்துக்கு நடுவே, என் மாமனாரின் பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் பிளாஸ்கைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நனைந்தேன். தூரத்தில் நாய் குரைத்தது. புதரை விலக்கிக்கொண்டு மூஸ் வந்தது. போன வருஷம் நின்ற அதே தூரத்தில் நின்றது. ஹெல்கா அவசரப்படாமல் துப்பாக்கியைத் தூக்கினாள். அவள் விரல் விசைக்குப் போவதைப் பார்த்தேன்.

வெடித்தது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கை என் முழங்காலைத் தட்டியது.

"விழுந்துருச்சுங்க. இனிமே கண்ணைத் திறக்கலாம்."